மண்ணில் விழுந்த பேச்சு

நெடுவாக்குறிச்சியில் மக்காச்சோளம் ஒடித்து முடித்த ஒரு மாசி மாதத்தில், கொளஞ்சி தன் புது டிராக்டரில் உளிக்கலப்பையை மாட்டிக்கொண்டு மருதையின் மேட்டுக்காட்டில் இறங்கி முதல் உழவுச்சால் போட்டபோது, மண்ணுக்குள்ளிருந்து ஒரு பெண்குரல், "சோறு ஆறிப்போவுது, வந்து தின்னுட்டுப் போய்யா" என்று கூப்பிட்டது. கொளஞ்சி வண்டியை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தான். உச்சிவெயிலில் காடு வெறிச்சென்று கிடந்தது. "தின்னாச்சு" என்று பதில் சொல்லிவிட்டு அடுத்த சால் போட்டான். அந்தச் சாலில் ஒரு கிழவர் மாட்டை ஏசினார், அதற்கடுத்த சாலில் களையெடுக்கும் பெண்கள் எதற்கோ விழுந்து விழுந்து சிரித்தார்கள், அவன் காட்டின் மறுகோடிக்குப் போய்த் திரும்புவதற்குள் ரோட்டில் போனவர்கள் எல்லாரும் சைக்கிளையும் பைக்கையும் அப்படியே போட்டுவிட்டு வரப்பில் ஏறி நின்றிருந்தார்கள்.

"சோத்துக்குக் கூப்பிட்டது எங்க அலமேலு பெரியம்மா" என்றார் பக்கத்துக் காட்டு ராசாங்கம். "செத்துப் பல வருசமாச்சு. குரல் அப்படியேதான் இருக்குது."

பேய் என்று முதலில் கொஞ்சம் பேர் ஒதுங்கினார்கள். ஆனால் கடைசிச் சாலில் கொளஞ்சியின் குரலே மண்ணிலிருந்து வந்து, "கிளம்பிட்டன்னு சொல்லு, பாதி வழியில வர்றன்னு சொல்லு" என்று யாரிடமோ போனில் பொய் சொன்னதும், வரப்பில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள், பயமும் அதோடு போய்விட்டது. செத்தவர்கள் எழுந்து வரவில்லை என்று ஊருக்குப் புரிந்தது. வேலை செய்யும்போது பேசிய பேச்சு, வேர்வையும் வெற்றிலைச் சாறும் விழுகிற மாதிரியே மண்ணில் விழுந்து, மக்கிப்போகாமல் உள்ளேயே கிடந்திருக்கிறது, இப்போது கலப்பை ஆழமாகப் போனதும் மேலே வருகிறது. ஏன் அந்த வருஷம், ஏன் அந்த ஊரில் என்று யாரும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. அய்யனார் கோயில் பூசாரியிடம் கேட்டதற்கு, "பேச்சுக்கு என்னாத்துக்குப் பூசை? கேட்டுட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டார்.

அந்தக் கோடை முழுக்க ஊர் கேட்டது. யார் காட்டில் உழவு என்று டீக்கடையில் காலையிலேயே தெரிந்துவிடும், குடையும் தண்ணீர்க் குடமுமாக ஜனங்கள் வரப்பில் போய் உட்கார்ந்துகொள்வார்கள், டீக்கடைக்காரர் அடுப்பையே தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு கலப்பையின் பின்னால் காடு காடாகப் போனார். கிணற்றுக்காகக் கோர்ட்டுக்கு நடந்துகொண்டிருந்த அண்ணன் தம்பி இருவர், "கெணறு ரெண்டு பேருக்கும் பொதுடா" என்று செத்துப்போன தகப்பன் பருத்திக்காட்டிலிருந்து சொன்னதைக் கேட்டுவிட்டு ஒரே வண்டியில் வீட்டுக்குப் போனார்கள். ஒருத்தி தன் புருஷன் வெங்காயக் கொல்லையில் வேறொரு பெண்பெயரை ரகசியமாகக் கூப்பிட்டதைக் கேட்டாள், வீட்டுக்கு வந்து அவர் படத்துக்குப் போட்டிருந்த மாலையைக் கழற்றி ஆட்டுக்குப் போட்டாள். மாமியார் காட்டில் உழவு ஓடும்போது புதுமருமகள் பக்கத்தில் நிற்கக் கூடாது என்று ஒரு வழக்கம் தானாக ஏற்பட்டது. போனில் பிடித்து வைத்துக்கொள்ளலாமென்று பார்த்தார்கள், போட்டுக் கேட்டால் டிராக்டர் சத்தம் மட்டும்தான் இருந்தது. ஒரு பேச்சு ஒரு தடவைதான் வந்தது, வெயிலில் பட்டதும் போய்விட்டது, உழுத மண்ணையே திரும்ப உழுதால் அதற்கும் கீழே இருந்தது வந்தது.

கீழே போகப் போகக் குரல்கள் மாறின. யாரோ கஞ்சி கேட்டுக் கேட்டுக் களைத்துப்போன குரல் ஒன்று வந்தது, அதற்குக் கீழே தமிழ் மாதிரியே ஒலித்தும் ஒரு வார்த்தைகூடப் பிடிபடாத பேச்சு வந்தது, பெண்கள் எழுந்து பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். ஆண்கள் மட்டும் உட்கார்ந்திருந்தார்கள். கலப்பைக்குத் தடையாக இருக்கிறதென்று தட்டைகளையெல்லாம் கொளுத்தினார்கள், வரப்புப் புல்லையும் செதுக்கினார்கள், பங்குனி முடிவதற்குள் நெடுவாக்குறிச்சிக் காடுகள் துடைத்து வைத்த கல் மாதிரி வெறுமையாகக் கிடந்தன.

ரெஜினா இதற்கெல்லாம் முன்பிருந்தே அந்தக் காடுகளுக்கு வந்துகொண்டிருந்தாள். மண்ணில் கரிமச்சத்தைச் சேர்த்து நிலத்தைத் தேற்றுவதற்கு விவசாயிகளுக்கு உதவுகிற ஒரு நிறுவனத்தில் வேலை. ஸ்கூட்டியில் மண்ணெடுக்கும் இரும்புக் குழாயைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போவாள், வெயிலில் கருத்த முகம், சட்டென்று சிரித்துவிடுகிற சுபாவம். உழவைக் குறையுங்கள், தட்டையைக் கொளுத்தாதீர்கள், நிலத்தை மூடி வையுங்கள் என்று அவள் சொன்னதை ஊர் மரியாதையாகக் கேட்டு, டீயும் வாங்கிக் கொடுத்து, அனுப்பிவிட்டு மறுபடி உழுதது. பள்ளிக்கூடத்தடிக் காட்டில் கலப்பை ஓடியபோது, "தயவுசெஞ்சு கொளுத்தாதீங்கண்ணே" என்று அவள் குரலே மண்ணிலிருந்து வந்தது. வரப்பே சிரித்தது. அவளும் சிரித்தாள். பிறகு குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளிப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள்.

"இலையும் தழையும் வேரும் மக்கித்தான் மண்ணுல கரியா நிக்குது. அதுதான் மண்ணோட உயிரு. பொரட்டிப் போட்டா காத்துல கரைஞ்சு போயிடும். இந்த மண்ணுல இப்ப ஒண்ணுமே இல்ல, பாருங்க, சாம்பல் மாதிரி ஒழுகுது."

"அப்ப கரியும் பேச்சும் ஒண்ணுங்களா மேடம்?" என்று ராசாங்கம் கேட்டார்.

"அது எனக்குத் தெரியாதுண்ணே. ஆனா ரெண்டும் ஒரே வழியாத்தான் வெளிய போவுது."

அன்றைக்கு அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, மருதை சுத்தமாக எடுத்துக்கொள்ளவில்லை.

மருதை பல வருஷம் குவைத்தில் லாரி ஓட்டியவன். மகள் பிருந்தா தவழ்ந்துகொண்டிருந்தபோது போனான். லீவில் வந்த நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். மற்றபடி அவனுக்குக் கிடைத்த மகள் வெள்ளிக்கிழமை போனில் வருகிற குரல் மட்டும்தான், அந்தக் குரலும் நல்லாருக்கியா என்று கேட்டு, பரீட்சையில் என்ன ரேங்க் என்று சொல்லி, மூச்சு விடுவதற்குள் போனை அம்மாவிடம் கொடுத்துவிடும். தன்மேல் பிள்ளைக்கு ஒட்டுதல் இல்லை என்று அவன் நினைத்துக்கொண்டான். எட்டாவது படிக்கும்போது அவளுக்கு விஷக்காய்ச்சல் கண்டது, அவன் விமானம் பிடித்து வந்து சேர்ந்தபோது பால் தெளிப்பதும் முடிந்திருந்தது. திரும்பிப் போகவில்லை. அவன் மனைவி தனக்கொடி அதற்கப்புறமும் காட்டுக்குப் போனாள், களையெடுத்தாள், சோளம் ஒடித்தாள். மருதை வீட்டு வாசலில் கட்டிலைப் போட்டுக்கொண்டு கிடந்தான்.

அவனைக் கட்டிலிலிருந்து எழுப்பியது உழவுதான். பிருந்தா பள்ளிக்கூடம் விட்டதும் பையைப் போட்டுவிட்டுக் காட்டுக்கு ஓடி வருகிற பிள்ளை, வாய் ஓயாத பிள்ளை, கிளியை விரட்டிக்கொண்டே வாய்ப்பாடு சொல்லும், ஆட்டோடு சண்டை போடும், தானே டீச்சராகித் தன்னையே அடிக்கும். அந்தப் பேச்சு அத்தனையும் அவன் காட்டு மண்ணில் கிடந்தது. "ஏய், அந்தக் கதிர்ல வாய வெச்சா மூஞ்சிலயே போடுவன்" என்று முதல்தடவை அவள் குரல் வந்தபோது மருதை கலப்பைக்குப் பின்னால் ஓடினான், புழுதியில் விழுந்தான், எழுந்து மறுபடி ஓடினான். அன்றிலிருந்து அவன் காட்டில்தான் அதிகம் உழவு ஓடியது. குறுக்கே உழுதான், நெடுக்கே உழுதான், மூலைக்கு மூலை உழுதான். தண்ணி வேணும் என்று அவள் கேட்டதையும், தும்மியதையும், அம்மாவைப் பார்த்துக் காரணமில்லாமல் சிரித்ததையும் ஒவ்வொன்றாகக் கேட்டான். ஒவ்வொரு உழவிலும் குரல் மெலிந்தது. கடைசி உழவில் கிளியை விரட்டுகிற "உய்" என்ற ஒரு சத்தம் மட்டும் வந்தது, அதற்கடுத்த உழவில் அதுவும் இல்லை.

"போதுங்க" என்றாள் தனக்கொடி. "அவ பேசுனத நான் கேட்டிருக்கன். நெனப்புல இருக்குது. வேணுங்கறப்ப கேளுங்க, நான் சொல்றன்."

"நீ சொல்லி நான் கேக்கறதா? நீ கேட்டே. நாந்தான் கேக்கல."



பேச்சை முதலில் தொலைத்தவன் கொளஞ்சி. எல்லார் காட்டிலும் ஏறி இறங்கியவன் அவன்தான். ஒருநாள் மதியம் டிராக்டரை நிறுத்திவிட்டு எதிர்க்காட்டுக்காரரைக் கூப்பிட வாயைத் திறந்தான், வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. வீட்டுக்குப் போய் மனைவி பெயரைக் கூப்பிட்டான், அதுவும் வரவில்லை. தொண்டையில் ஒன்றுமில்லை என்று டவுன் டாக்டர் சொல்லி அனுப்பினார். அப்புறம் வெறுமையாகக் கிடந்த காடுகளில் கால் வைத்த யாருக்கும் பேச்சு எழவில்லை. காட்டின் நடுவில் வந்து உட்கார்ந்த காக்கை கரைந்தது, அலகு திறந்து மூடியதே தவிர சத்தம் இல்லை, மாட்டின் கழுத்துமணி ஆடியது, சத்தம் இல்லை. வரப்பைத் தாண்டியதும் மணி ஒலித்தது. ஜனங்கள் இதையும் பழகிக்கொண்டார்கள். காட்டுக்குப் போவதற்கு முன் பேச வேண்டியதைப் பேசி முடித்துக்கொண்டார்கள், காட்டுக்குள் கையால் பேசினார்கள், வாய்ச்சண்டை குறைந்தது நல்லதுதான் என்றுகூடச் சிலர் சொன்னார்கள்.

ஆடிக்காற்று வந்ததும் அப்படிச் சொல்கிறவர்கள் இல்லாமல் போனார்கள். மூடாக்கு இல்லாத மண் அத்தனையும் புழுதியாக எழுந்து ஊருக்குள் வந்தது, கூரையிலும் குடத்திலும் சோற்றிலும் படிந்தது, படிந்த வீட்டில் பேச்சு உதிரத் தொடங்கியது. பெயர்கள்தான் முதலில் போயின. புருஷனைக் கூப்பிட வந்த மனைவி வாசலில் வாயைத் திறந்தபடி நின்றாள், தாய் பிள்ளையைக் கூப்பிடக் கையைத் தட்டினாள். பெயருக்குப் பின்னால் உறவுமுறைகள் போயின, அவற்றுக்குப் பின்னால் சோறு, தண்ணீர், வலி என்று அன்றாடம் கேட்கிற வார்த்தைகள் ஒவ்வொன்றாகப் போயின. வகுப்பில் வாத்தியார் கரும்பலகையில் எழுதிப்போட்டார், பிள்ளைகள் உதட்டை அசைத்தார்கள், ஜன்னல் வழியாகப் பார்த்தால் மீன்தொட்டி மாதிரி இருந்தது. மண் தன்னிடமிருந்து எடுத்ததைத் திரும்ப எடுத்துக்கொள்கிறது என்று பூசாரி மணலில் எழுதிக் காட்டினார். ஊரை விட்டுப் போனவர்களுக்கும் பேச்சு திரும்பவில்லை என்று சேதி வந்தது, போனவர்களே திரும்பி வந்துவிட்டார்கள்.

தனக்கொடி ஒருநாள் மகளின் படத்தைத் துடைத்துக்கொண்டே வழக்கம்போல அவள் பெயரைச் சொல்லப்போனாள். வரவில்லை. மறுபடி முயன்றாள். வாய் அந்த எழுத்துகளின் வடிவத்துக்குப் போனது, உள்ளே ஒன்றுமில்லை. துணியைக் கீழே போட்டுவிட்டு வெளியே வந்து ஓடினாள், எதற்கு ஓடுகிறோம் என்று தெரியாமல் காட்டின் தெற்கு வரப்புக்கு ஓடி, அங்கே இருந்த புல்தரையில் விழுந்து, "பிருந்தா" என்று கத்தினாள். கத்தியது கேட்டது. பயந்துபோய் மறுபடி சொல்லிப் பார்த்தாள். கேட்டது.

தெற்கு வரப்போரம் பனைகளுக்கும் பழைய கிணற்று மேட்டுக்கும் நடுவில் டிராக்டர் திரும்ப முடியாத ஒரு துண்டு நிலம் அது. எந்தக் காலத்திலும் கலப்பை படாதது. தனக்கொடி சாணியையும் சோளத்தட்டையையும் குப்பையையும் அங்கேதான் கொட்டிவைப்பாள், ஆடு கட்டுவதும் அங்கேதான், புல்லும் கொடியும் முழங்கால் உயரத்துக்கு மண்டிக் கிடக்கும். அந்த மண்ணின் மேல் நின்றால் பேச்சு வந்தது.

மறுநாளே ஊர் அங்கே திரண்டது. சின்ன இடம், நாலைந்து பேர்தான் நிற்க முடியும், அதனால் வரிசையில் வந்தார்கள். பெண் கேட்டு வந்தவர்கள் அங்கே நின்று கேட்டார்கள், நர்ஸ் அங்கே உட்கார்ந்துகொண்டு எங்கே வலிக்கிறது என்று விசாரித்தாள், வெளியூரில் இருக்கிற பிள்ளைகளிடம் போனில் அங்கே நின்று பேசினார்கள். கொளஞ்சி தன் மனைவியைக் கூட்டிக்கொண்டு வந்து, "செவ்வந்தி" என்று ஒரு தடவை சொல்லிவிட்டு அடுத்த ஆளுக்கு இடம் விட்டான். வரிசையில் நின்றவர்கள் சத்தமில்லாமல் உதட்டை அசைத்து, சொல்லப்போவதை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்கள். தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்கு உடம்பு சிலிர்க்கும்.

ரெஜினா வந்தபோது அந்தத் துண்டில் குழாயை இறக்கவே இல்லை. முட்டிபோட்டு உட்கார்ந்து, தட்டையை விலக்கி, கையை மண்மேல் வைத்துப் பார்த்தாள். ஈரமாக, கறுப்பாக, பொலபொலவென்று இருந்தது. மண்புழு ஒன்று அவள் விரலைச் சுற்றி நெளிந்தது.

"அக்கா, நீங்க இதுக்கு என்ன செஞ்சீங்க?"

"ஒண்ணும் செய்யல மேடம். குப்பையக் கொட்டுனன்."

"அதைத்தான் மத்த காட்டுக்கும் செய்யணும். உழாம, கொளுத்தாம, மூடி வெச்சு, பலதானியம் வெதைச்சு, ஆட்டுக்கிடை போட்டு. வேரு எப்பவும் உள்ள உயிரோட இருக்கணும். வருசம் ஆகும்."

"பேச்சு வந்துருமா?"

ரெஜினா விலக்கிய தட்டையை இழுத்து மூடினாள். "மண்ணு வரும்க்கா. அதை நான் பார்த்திருக்கன். பேச்சைப் பத்திச் சத்தியம் பண்ண முடியாது."

பாதி ஊர் ஒப்புக்கொண்டது, பாதி ஊர் தலையை ஆட்டிவிட்டுப் போனது. ராசாங்கம் தன் காட்டோரம் குவித்துவைத்திருந்த பழைய தட்டையைக் கொளுத்தினார். தீ எழுந்தது, ஆளுயரத்துக்கு எழுந்தது, ஆனால் ஒரு சடசடப்பும் இல்லை. காற்று திரும்பியது அவருக்குத் தெரியவில்லை. காட்டு மூலையில் கட்டியிருந்த கன்றுக்குட்டி கத்தியிருக்கும், கயிற்றை இழுத்து இழுத்துக் கத்தியிருக்கும், பத்தடி தூரத்தில் முதுகைக் காட்டி நின்றிருந்த ராசாங்கத்துக்கு எதுவும் கேட்கவில்லை. புகை கலைந்ததும்தான் திரும்பிப் பார்த்தார். அவர் அழுததும் யாருக்கும் கேட்கவில்லை. அதற்கப்புறம் நெடுவாக்குறிச்சியில் யாரும் தீப்பெட்டியைக் காட்டுக்கு எடுத்துப் போகவில்லை. ராசாங்கம்தான் முதல் ஆளாக வண்டி கட்டிக்கொண்டு போய் வெளியூர்க் களங்களிலிருந்து வைக்கோலும் சருகும் கடலைத்தோலும் கொண்டுவந்து காட்டில் பரப்பினார். கொளஞ்சி உளிக்கலப்பையைக் கழற்றிவிட்டு அதே டிராக்டரில் காடுகளுக்கு எருக்குப்பை அடித்தான்.

மருதை தன் காட்டுக்கும் வைக்கோல் பரப்பினான். ஆனால் கண் அந்தத் தெற்குத் துண்டின் மேலேயே இருந்தது. பிருந்தா அதிக நேரம் உட்கார்ந்திருந்தது அங்கேதான் என்று ஊரார் சொல்லி அவனுக்குத் தெரியும். ஆட்டை அவிழ்த்துவிட்டுப் பனையில் சாய்ந்துகொண்டு பொழுது சாயும்வரை அவள் பேசியது அத்தனையும் அங்கே அப்படியே இருந்தது. ஒரு மதியம், வரிசை நீளமாக நின்றிருந்த நேரத்தில், மண்வெட்டியோடு வந்தான். பேசிக்கொண்டிருந்தவர்களைக் கையசைத்து இறக்கினான். துண்டின் நடுவில் போய் நின்றான். ரெஜினா வரப்பில் இருந்து, வேண்டாம் என்று கத்தினாள், அவள் கத்தியது கேட்கவில்லை. வரிசையில் நின்ற அத்தனை பேரும் கத்தினார்கள், அத்தனை வாய்களும் திறந்து மூடின, காடு நிசப்தமாக இருந்தது.

மண்வெட்டி ஒரு தடவை இறங்கியது. கட்டி புரண்டது.

"அப்பா" என்றது மண். "மொதல்ல நல்லாருக்கியான்னு கேக்கணும். அப்புறம் ரேங்க் சொல்லணும். அப்புறம், எப்பப்பா வருவேன்னு... அது வேணாம். அதக் கேட்டா அழுகை வந்துரும். அழுதா அப்பாவும் அழும். போன அம்மாகிட்டக் குடுத்துறணும்."

மருதை மண்வெட்டியை ஓங்கியபடி நின்றான்.  தனக்கொடி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து துண்டில் ஏறி அவன் எதிரில் நின்றாள்.

"தெனமும் இங்கதான் உக்காந்து பேசிப் பாப்பா. வெள்ளிக்கெழம உங்ககிட்ட என்ன பேசணும்னு. வேற எடத்துல பேசுனதெல்லாம் ஆடுங்க கிட்ட, கிளிங்க கிட்ட. இங்க பேசுனது பூரா உங்ககிட்ட."

"ஏன்டி சொல்லல இத்தன நாளா?"

"சொன்னா தோண்டுவீங்க."

அவன் மண்வெட்டியைப் பார்த்தான்.

"நான் தடுக்கல" என்றாள் தனக்கொடி. "உங்களுக்குன்னு பேசுனது. கேக்கறதுன்னா கேளுங்க. ஒரு தடவ கேக்கும். அப்புறம் இந்த ஊருல அவ பேரச் சொல்றதுக்கும் எடம் இருக்காது."

 வெயில் உச்சியில் இருந்தது, பனையின் நிழல் அதன் காலடியிலேயே சுருண்டு கிடந்தது. பிறகு மருதை மண்வெட்டியைக் கீழே வைத்தான். முட்டிபோட்டு, புரண்ட கட்டியைக் கையால் எடுத்து, எடுத்த குழியிலேயே, எடுத்த திசையிலேயே வைத்து அமுக்கினான். மேலே சருகை இழுத்து மூடினான். மூடிய இடத்தின் மேல் குனிந்து, "நல்லாருக்கன் சாமி" என்றான். எழுந்து, வரிசையில் முதலில் நின்றவருக்கு இடம் விட்டுவிட்டுப் போனான்.

புரட்டாசியில் மழை பிடித்தது. வைக்கோலுக்கு அடியில் தூவிய விதைகள், கம்பு, நரிப்பயறு, கொள்ளு, எள், சணப்பு, தட்டைப்பயறு என்று கலந்து கலந்து முளைத்தன, ஒரு காட்டுக்கும் இன்னொரு காட்டுக்கும் வித்தியாசம் தெரியாமல் ஊரே ஒரு பச்சையாக மூடிக்கொண்டது. ஆட்டுக்காரர்கள் ராத்திரியில் மந்தையை அடைத்துக் கிடை போட்டார்கள். ரெஜினா வாரம் தவறாமல் வந்து வைக்கோலை விலக்கி மண்ணை முகர்ந்து பார்த்தாள், ஒன்றும் சொல்லாமல் மூடிவைத்தாள். ஜனங்கள் காட்டில் நின்று பேசினார்கள், வாய் அசைந்ததே தவிர சத்தம் வரவில்லை என்றாலும் பேசினார்கள், மண்ணுக்குப் போய்ச் சேரட்டும் என்று பேசினார்கள். அது தேவையா என்று ரெஜினாவிடம் ஜாடையில் கேட்டார்கள். "பேசறது உங்க இஷ்டம், வைக்கோல மட்டும் எடுத்துறாதீங்க" என்று அவள் தரையில் எழுதிக் காட்டினாள்.

வெறுங்காடுகளில் அந்த வருஷம் பேச்சு வரவில்லை. அடுத்த வருஷமும் உழவில்லாமல் போயிற்று. அதற்கடுத்த தையில், கொளஞ்சியின் மனைவி செவ்வந்தி தங்கள் காட்டுக் கொள்ளில் ரசம் வைத்தாள். கொளஞ்சி ஒரு வாய் சோறு தின்றான், நிமிர்ந்தான், "வெள்ளாட்டுக் குட்டிய ஓணான் பயமுறுத்துது, போய்ப் பாரு" என்றான். சொன்னது அவன் குரல்தான், வார்த்தை யாருடையதோ. செவ்வந்தி கரண்டியைப் போட்டுவிட்டு அழுதாள், யார் வார்த்தையாக இருந்தால் என்ன என்பதுபோல அழுதாள், அழுகைச் சத்தம் தெருவுக்குக் கேட்டது.

அப்படித்தான் திரும்பியது. மண்ணில் தங்கியது வேர் வழியாக ஏறி, மணிக்குள் வந்து, தின்றவர் வாயிலிருந்து வந்தது. முதலில் யாருடைய பேச்சோ வந்தது, இரண்டு மூன்று நாள் கழித்துத் தன் பேச்சு வந்தது. ராசாங்கம் தைப்பூசத்தன்று கம்பங்கூழைக் குடித்துவிட்டுப் பிடிபடாத ஏதோ பழைய பாஷையில் நீளமாகப் பேசினார், வீட்டில் எல்லாரும் மரியாதையாக எழுந்து நின்று கேட்டார்கள், முடிந்ததும் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். உழுது காற்றில் விட்ட பேச்சு மட்டும் யார் வாயிலும் வரவில்லை. காடு வைத்திருப்பவர்கள் இல்லாதவர்களுக்குப் படிக்கணக்கில் பயறு கொடுத்தனுப்பினார்கள். மாசிக்குள் ஊரில் பாதிப்பேர் பேசினார்கள்.

மருதையின் வீட்டில் இன்னும் சத்தமில்லை. அவர்கள் காடு மற்றதைவிட அதிகம் உழுபட்டது, அதில் விளைந்த கம்பைத் தின்றும் இருவருக்கும் ஒன்றும் வரவில்லை. தெற்குத் துண்டில் தட்டைப்பயறு பனையைச் சுற்றிக் கொடியேறி, தாமதமாகப் பூத்து, தாமதமாகக் காய்த்தது. காய் பழுத்து ஓடு காயும்வரை தனக்கொடி தினமும் போய்ப் பார்த்தாள், தொடாமல் வந்தாள். ஒரு காலையில் மடி நிறையப் பறித்துக்கொண்டு வந்து, உரித்து, ஊறவைத்து, உப்புப் போட்டு வேகவைத்தாள். தேங்காய்கூடப் போடவில்லை.

மருதை தட்டின் முன்னால் உட்கார்ந்தான். அது எங்கே பறித்தது என்று அவனுக்குத் தெரியும்.  அவள் எதிரில் உட்கார்ந்து அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் ஒரு கை அள்ளிப் போட்டு மென்றான், விழுங்கினான். 

நரைத்த தாடிக்குள்ளிருந்து, லாரி ஓட்டிக் கரகரத்துப்போன அந்தக் குரலில், "அம்மா, அப்பா வந்தா நான் கதவுக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்குவன். எங்கன்னு கேட்டா நீ சொல்லாத, என்னா?" என்றான் மருதை.

தனக்கொடியின் உதடு அசைந்தது, அவளுக்கு இன்னும் பேச்சு வந்திருக்கவில்லை. அவன் தட்டிலிருந்து ஒரு மணியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். மென்றுகூடப் பார்க்கவில்லை.

"சொல்ல மாட்டன் தாயி" என்றாள், இன்னொரு கரண்டி பயறை அள்ளி அவன் தட்டில் வைத்தாள்.